புலுட் இன்தி: ஒட்டரிசி, சங்குப்பூ, கருப்பட்டித் தேங்காய்

மலேசியாவின் பினாங்கில் நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையின் முன்வாசலில் ஒரு நீள மேசை உண்டு. விடிகாலை ஐந்தரை மணிக்கு அது காலியாகக் கிடக்கும். ஆறு மணிக்குள் தட்டுத் தட்டாகப் பலகாரம் வந்து நிறைந்துவிடும். அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் இரவெல்லாம் செய்து கொண்டுவந்து வைப்பார்கள். விற்றதற்குக் காசு வாங்கிக்கொள்வார்கள், மீந்ததை எடுத்துப் போவார்கள். இந்தப் பலகாரங்களுக்கு மலாய்க்காரர்கள் பொதுவாகச் சொல்லும் பெயர் குவே. அதில் ஒரு தட்டு மட்டும் தினமும் முதலில் தீரும். வாழையிலையில் கூம்பாக மடித்த சின்னப் பொட்டலம். பிரித்தால் நீலமும் வெள்ளையும் கலந்த சோறு, அதன் உச்சியில் கருப்பட்டி நிறத்தில் தேங்காய்ப்பூ. அதுதான் புலுட் இன்தி. புலுட் என்றால் ஒட்டரிசி. இன்தி என்றால் பூரணம்.

எனக்குச் சொந்த ஊர் தாராபுரம். ஒன்பது வருடம் பினாங்கில் அடுப்படியில் நின்றுவிட்டு ஊர் திரும்பி, இப்போது சின்னதாக ஒரு டிபன் கடை நடத்துகிறேன். சனிக்கிழமை காலையில் மட்டும் நாற்பது பொட்டலம் புலுட் இன்தி போடுகிறேன். வாங்கிச் சாப்பிட்டவர்கள் செய்முறை கேட்கிறார்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தத் தட்டைக் கொண்டுவரும் மலாய்க்கார அம்மா. மக்சிக் என்றுதான் கூப்பிடுவேன், நம்மூரில் அத்தை, சித்தி என்கிற மாதிரி. வாரம் ஒரு நாள் எனக்கு விடுப்பு. அந்த நாளில் அதிகாலை மூன்று மணிக்கு அவர் வீட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். முதல் இரண்டு மாதம் இலையைத் துடைக்கிற வேலைதான் தந்தார். அதற்குப் பிறகுதான் அரிசியைத் தொட விட்டார்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நமக்கு அரிசி என்றாலே கை தானாகத் தண்ணீர் அளக்கும். பச்சரிசி ஒன்றுக்கு இரண்டு, அரிசிம்பருப்புக்கு ஒன்றுக்கு மூன்று என்று பழகிய கை. இந்தப் பலகாரத்தில் அந்தக் கணக்கே கிடையாது. ஒட்டரிசி தண்ணீரில் வேகக் கூடாது, ஆவியில்தான் வேக வேண்டும். தேங்காய்ப் பால் கூட அரிசி வெந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். இந்த இரண்டையும் காப்பாற்றினால் மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பலகாரம் நன்றாக வரும். இவற்றில் தவறினால் நல்ல கருப்பட்டி போட்டும் பயனில்லை, களி மாதிரி ஆகிவிடும்.

தண்ணீர் ஊற்றாமல் அரிசி எப்படி வேகும் என்று என் மனைவி முதலில் நம்பவில்லை. கரூர்ப் பக்கம் அம்மாயி ஊரில் ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடுவார்களே, அதை ஞாபகப்படுத்தினேன். தேங்காயின் கண்ணைத் திறந்து பாதித் தண்ணீரை வடித்துவிட்டு, பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், நாட்டுச் சர்க்கரை எல்லாம் உள்ளே போட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகி நெருப்பில் வாட்டுவோம். தொட்டி கருகி வெடிக்கும்போது உள்ளே அரிசி பதமாக வெந்திருக்கும். அந்த அரிசிக்கு யாரும் தண்ணீர் அளந்து ஊற்றியதில்லை.

இருபத்துநாலு பொட்டலத்துக்கு என் அளவு இது.

ஒட்டரிசி அரை கிலோ.
முற்றின தேங்காய் மூன்று. ஒன்றரை பாலுக்கு, ஒன்றரை பூரணத்துக்கு.
கருப்பட்டி அல்லது தென்னஞ்சர்க்கரை 200 கிராம்.
நீலச் சங்குப்பூ முப்பது.
உப்பு ஒரு தேக்கரண்டி, பூரணத்துக்குத் தனியாக ஒரு சிட்டிகை.
வெள்ளைச் சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி.
ரம்பை இலை மூன்று, மணத்துக்கு.
வாழையிலை நாலைந்து, துணி இரண்டு.

அரிசியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஊர் திரும்பிய புதிதில் ஒட்டரிசி எங்கே கிடைக்கும் என்று தெரியாமல், பொங்கலுக்கு வாங்கின பச்சரிசியை இரவெல்லாம் ஊற வைத்துச் செய்து பார்த்தேன். வெந்தது, ஆனால் பொட்டலம் பிரித்ததும் உதிர்ந்து மடியில் கொட்டியது. காரணம் அரிசியின் மாவுச்சத்திலேயே இருக்கிறது. மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு: அமைலோஸ், அமைலோபெக்டின். பொன்னி போன்ற அரிசியில் அமைலோஸ் கணிசமாக இருக்கும். அதனால்தான் சோறு பருக்கை பருக்கையாக நிற்கிறது. ஒட்டரிசியில் அமைலோஸ் அநேகமாக இல்லவே இல்லை, கிட்டத்தட்ட முழுவதும் அமைலோபெக்டின்தான். வெந்ததும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் ஊற வைத்தாலும் பச்சரிசி ஒட்டரிசி ஆகாது.

கடையில் வாங்கும்போது கண்ணாலேயே அடையாளம் காணலாம். நம் பச்சரிசியை வெளிச்சத்தில் பிடித்தால் லேசாகக் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். ஒட்டரிசி சுண்ணாம்புக் கட்டி மாதிரி முழு வெள்ளை, வெளிச்சம் உள்ளே போகாது. பையில் கண்ணாடி அரிசி நிறைய கலந்திருந்தால் வாங்காதீர்கள். தாய்லாந்து அரிசி கோயம்புத்தூரில் பெரிய கடைகளில் கிடைக்கிறது, இணையத்திலும் வாங்கலாம். எனக்குத் திருப்பூரில் வேறு வழி கிடைத்தது. பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிற வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் சாமான் வாங்குகிற ஒரு கடையில் அசாமின் போரா அரிசி வைத்திருந்தார்கள். பிகு பண்டிகைக்கு அசாம்காரர்கள் பிட்டா என்கிற பலகாரம் செய்கிற ஒட்டரிசி அது. தாய்லாந்து அரிசியை விட மணி கொஞ்சம் குட்டை, ஆனால் நன்றாகவே ஒட்டும். பையில் குளூட்டினஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பயப்படுகிறார்கள். கோதுமையில் இருக்கிற குளூட்டன் இதில் கிடையாது. ஒட்டும் என்பதற்குத்தான் அந்தச் சொல்.

கறுப்புக் கவுனியில் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், அதுவும் ஒட்டுகிற அரிசிதான். ஆனால் மேல்தவிடு இருப்பதால் வேக இன்னும் அரை மணி நேரம் பிடிக்கும், நீலமும் தெரியாது. முதல் தடவைக்கு வேண்டாம்.

இனி சங்குப்பூ. தாராபுரம், மூலனூர், காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் காட்டை, சுற்றிக் கிளுவை வேலி இருக்குமே, ஒரு மழை பெய்தால் போதும், அதன் மேல் சங்குப்பூக் கொடி ஏறிக்கொள்ளும். மாடு மேய்க்கப் போன காலத்தில் பறித்துக் காதில் செருகியிருக்கிறேன். இதே பூவை பினாங்கில் ஒரு வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சோற்றுக்கு நிறமேற்றுவார்கள் என்று அப்போது தெரியாது. மலாயில் அதற்கு புங்கா தெலாங் என்று பெயர். நீலப் பூதான் வேண்டும், வெள்ளைச் சங்குப்பூ உதவாது. அடுக்குப் பூவாக இருந்தால் இருபது போதும். பூவின் அடியில் இருக்கிற பச்சைக் காம்பைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் பச்சை வாடை வரும். காயும் விதையும் சேர்ந்துவிடக் கூடாது, பேதியாகும். மக்காச்சோளக் காட்டு ஓரத்து வேலியில் பறிக்காதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். பறித்த பூவை நிழலில் காய வைத்துப் பாட்டிலில் போட்டு வைத்தால் பல மாதம் வரும்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நூறு பொட்டலம் செய்து தருவதாக ஒத்துக்கொண்டேன். அவர்கள் தோட்டத்திலேயே அடுப்பு மூட்டினோம், அங்கே போர்த் தண்ணீர்தான். பூவைப் போட்டுக் கொதிக்க வைத்தால் நீலம் வர வேண்டிய இடத்தில் குளத்துப் பாசி மாதிரி ஒரு பச்சை. அரிசியும் அதே நிறத்தில் ஊறிப்போனது. வந்தவர்கள் பச்சைச் சோறு என்று ஒதுக்கி வைத்தார்கள். எனக்கு அன்றைக்கு மனசே சரியில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. சங்குப்பூவின் நிறம் ஆந்தோசயனின் என்கிற வகை. புளிப்புப் பட்டால் ஊதாவாகும், காரத்தன்மை, அதாவது புளிப்புக்கு எதிரான குணம், கூடினால் பச்சைப் பக்கம் போகும். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த கடினத் தண்ணீர். கொதிக்க வைத்தால் அதன் காரத்தன்மை இன்னும் ஏறும். ஆகவே அமராவதித் தண்ணீர் வருகிற குழாயில் பிடியுங்கள், அல்லது மழைத் தண்ணீர், வடிகட்டின குடிநீர், எதுவானாலும் சரி, போர்த் தண்ணீர் மட்டும் வேண்டாம். அதிலும் பூவைக் கொதிக்க விடாதீர்கள். அரை டம்ளர் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் போட்டுக் கசக்கிப் பிழிந்தால் போதும், மை மாதிரி இறங்கும். நிறம் கொஞ்சம் மங்கித் தெரிந்தால் இரண்டே சொட்டு எலுமிச்சைச் சாறு. நாலு சொட்டு ஆனால் ஊதாவாகிவிடும்.

முந்தின இரவு ஒன்பது மணிக்கு அரிசியைக் கழுவுங்கள். தண்ணீர் தெளிகிற வரை நாலைந்து தடவை, தேய்க்காமல். மூன்றில் ஒரு பங்கைத் தனிக் குண்டாவில் எடுத்து நீலத் தண்ணீரில் ஊற வையுங்கள், மீதியைச் சாதாரணத் தண்ணீரில். இரண்டிலும் அரிசிக்கு மேலே ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கட்டும். நீலம் போதாவிட்டால் வெறும் தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். ஆறு மணி நேரம் குறைந்தபட்சம். நன்றாக ஊறிய அரிசியை நகத்தால் அழுத்தினால் மாவாக உடையும், நடுவில் கல் மாதிரி எதுவும் தட்டாது.

காலை நாலு மணி. இட்லிக் குண்டாவில் பாதிக்குத் தண்ணீர் வைத்து அடுப்பை மூட்டிவிட்டு, அரிசியைச் சல்லடையில் வடியப் போடுங்கள். கால் மணி நேரம் வடியட்டும். சொட்டுத் தண்ணீர் நின்றால் கூட அடிப்பக்கம் குழையும். பழைய வேட்டித் துணியை நனைத்து, இறுக்கிப் பிழிந்து, தட்டில் விரியுங்கள். ஒரு பக்கம் நீல அரிசி, ஒரு பக்கம் வெள்ளை அரிசி, இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் குவிக்காமல் பரப்புங்கள். அப்புறம் ஆட்காட்டி விரலால் ஐந்தாறு இடத்தில் அடிவரை குத்தி ஓட்டை போடுங்கள். ஆவி மேலே ஏற வழி வேண்டும். துணி நுனிகளை மேலே மடித்துவிட்டு, மூடியின் உள்பக்கம் இன்னொரு துண்டைச் சுற்றி முடிச்சை மேலே போட்டு மூடுங்கள். மூடியில் சேர்கிற வியர்வைத் தண்ணீர் அரிசியில் சொட்டக் கூடாது என்பதற்குத்தான் இது.

தீ நன்றாக எரிய வேண்டும். இருபத்தைந்து நிமிடம் திறக்காதீர்கள். திறந்ததும் ஒரு அதிசயம் பார்ப்பீர்கள். வேகும் முன் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்த அரிசி இப்போது கண்ணாடியாகிவிட்டிருக்கும், ஒவ்வொரு மணியும் விளிம்பு பிசகாமல், பனித்துளி மாதிரி பளபளவென்று. ஒரு மணியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். புள்ளி இல்லாமல் மெழுகு மாதிரி நீண்டு ஒட்டினால் முதல் வேக்காடு முடிந்தது. இந்தச் சோதனையில் அவசரப்படாதீர்கள். அரைவேக்காட்டில் தேங்காய்ப் பாலை ஊற்றிவிட்டால், பாலின் கொழுப்பு அரிசியை மூடிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு நேரம் ஆவியில் வைத்தாலும் அந்த வெள்ளைப் புள்ளி போகாது. மக்சிக் இதை எனக்கு வாயால் சொல்லவில்லை. ஒரு நாள் அப்படி அரைவேக்காட்டில் எடுத்த ஒரு பிடியைத் தனியாகச் செய்து, என் வாயில் போட்டுக் காட்டினார்.

அரிசி வேகிற நேரத்தில் பாலைப் பிழிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைத் தேங்காயைத் துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து, மிக்சியில் ஒரு சுற்று, துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தால் முந்நூறு மில்லி கெட்டிப் பால் கிடைக்கும். முதல் பால் மட்டும்தான். சந்தகைக்கு இரண்டாம் பால், மூன்றாம் பால் எல்லாம் சேர்ப்போம், இங்கே அது ஆகாது. தேங்காய் நன்றாக முற்றியிருக்க வேண்டும். ஆட்டினால் உள்ளே தண்ணீர் கலகலக்க வேண்டும், பருப்பு தொட்டியை விட்டு லேசாகக் கழன்று வருகிற பதம். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிற காயில் பொறுக்கி எடுத்தால் குறை இருக்காது.

பாலில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை போட்டு, ஒரு ரம்பை இலையை முடிச்சிட்டு உள்ளே விட்டு, கை பொறுக்கிற சூடு வரைக்கும் மட்டும் சூடாக்குங்கள். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் பிரியும். உப்பைப் பார்த்து என் மனைவி, "இனிப்புப் பலகாரத்துக்கு எதுக்குங்க இத்தனை உப்பு?" என்றாள். இந்த உப்பில்தான் இந்தப் பலகாரமே நிற்கிறது. சோறு உப்பும் பாலுமாக இருக்க வேண்டும், இனிப்பு முழுவதும் மேலே இருக்கிற பூரணத்தில்தான். வாயில் இரண்டும் ஒன்றாகச் சேரும்போதுதான் ருசி. சோற்றையும் சர்க்கரைப் பொங்கல் மாதிரி இனிப்பாக்கிவிட்டால் இரண்டாவது வாயில் திகட்டிவிடும். பாலைத் தனியாக நக்கிப் பார்த்தால் கொஞ்சம் உப்புக் கரிக்கிற மாதிரி தோன்ற வேண்டும், அதுதான் அளவு.

வெந்த அரிசியைச் சுடச்சுட இரண்டு அகன்ற போசியில் கொட்டுங்கள், நீலம் வேறு, வெள்ளை வேறு. பாலை மூன்று தடவையாக ஊற்றி, மர அகப்பையால் அடியிலிருந்து மேலே புரட்டுங்கள். கிண்டக் கூடாது, அழுத்தக் கூடாது. மக்சிக் இந்த இடத்தில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு "பெலான், பெலான்" என்பார். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். புரட்டி முடித்ததும் பார்த்தால் பால் அதிகமாகி, அரிசி மிதக்கிற மாதிரி இருக்கும். பயந்து எடுத்து ஊற்றிவிடாதீர்கள். மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திறங்கள், ஒரு சொட்டு மீதி இருக்காது. எல்லாவற்றையும் அரிசி குடித்திருக்கும். மறுபடி அதே துணியில் பரப்பிப் பன்னிரண்டு நிமிடம் ஆவி காட்டுங்கள். இரண்டாம் ஆவிக்குப் பிறகுதான் நீலத்தையும் வெள்ளையையும் சேர்த்து இரண்டே புரட்டு. அதற்கு மேல் புரட்டினால் நிறம் கலந்து ஒரே சாம்பலாகிவிடும். வானத்தில் மேகம் திட்டுத் திட்டாக நிற்கிற மாதிரி இருக்க வேண்டும்.

பாலைப் பிறகு சேர்க்கிற இந்த முறை மலாய்க்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. தாய்லாந்தில் மாம்பழத்தோடு தருகிற ஒட்டரிசிச் சோறும் இப்படித்தான், ஆவியில் வேக வைத்த பிறகே உப்பும் சர்க்கரையும் போட்ட தேங்காய்ப் பாலை ஊற்றுவார்கள். பிலிப்பைன்ஸில் பிகோ என்று ஒன்று செய்கிறார்கள். அதில் அரிசியைத் தேங்காய்ப் பாலும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டி இறக்குவார்கள். அது நம் சர்க்கரைப் பொங்கலுக்குக் கிட்டத்தில் வரும்.

பூரணத்துக்கு அங்கே போடுவது கூலா மலாக்கா. தென்னம்பாளையிலிருந்து இறக்கிய பதநீரைக் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி உறைய வைத்த கருப்பட்டி. மலாக்கா என்கிற ஊர்ப் பெயரோடு சேர்ந்து வழங்குகிறது. அதற்கு நெருங்கின சுவை நம்மிடம் தென்னஞ்சர்க்கரைதான், நீரா என்கிற தென்னைப் பதநீரைக் காய்ச்சி எடுப்பது. பொள்ளாச்சிப் பக்கம் விற்கிறார்கள், விலை கொஞ்சம் கூட. பனங்கருப்பட்டி என்றால் மூன்றில் இரண்டு பங்கு கருப்பட்டியும் ஒரு பங்கு நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கருப்பட்டி மட்டும் போட்டால் அதன் காட்டமும் புகை வாசனையும் தேங்காயை அமுக்கிவிடும். நாட்டுச் சர்க்கரைக்கு நான் கவுந்தப்பாடிச் சரக்கைத்தான் வாங்குவேன். பழனி பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் வாங்குவதும் அங்கேதான்.

கருப்பட்டியைத் தட்டி, கால் டம்ளருக்கும் குறைவாகத் தண்ணீர் விட்டு, மிச்ச ரம்பை இலையை முடிச்சிட்டுப் போட்டு உருக்கி, வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மண் இல்லாமல் இருக்காது. ரம்பை இலை தாழை இனத்துச் செடி, பாசுமதி அரிசியில் வருகிற அதே மணம் அதில் இருக்கும். நாற்றுப் பண்ணையில் ஒரு கன்று வாங்கி வாய்க்கால் ஓரத்தில் நட்டால் தானாகப் பெருகும். கிடைக்காவிட்டால் ஒன்றுமே போடாமல் விடுங்கள். ஏலக்காய் மட்டும் வேண்டாம். நெய்யும் வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் கை தேங்காய், கருப்பட்டி என்றதும் ஏலக்காய் டப்பாவைத் தேடும். ஏலக்காய் போட்டால் கொழுக்கட்டைப் பூரணம் கிடைக்கும். அது நல்ல பண்டம்தான், ஆனால் வேறு பண்டம். தேங்காய்ப் பாலின் மணம் மெல்லியது, ஏலக்காய்க்கு முன்னால் நிற்காது.

பாகு நுரைத்து வரும்போது பூரணத்துக்கென்று ஒதுக்கின ஒன்றரைத் தேங்காயின் துருவலை முழுவதும் போடுங்கள். துருவும்போது அடிப்பழுப்பு வராமல் வெள்ளை மட்டும் எடுங்கள், பழுப்புப் பட்டால் நறநறக்கும். சின்னத் தீயில் எட்டுப் பத்து நிமிடம். ஒப்புட்டுக்குப் பூரணம் கிளறுகிற மாதிரி உருண்டை பிடிக்கிற பதம் வரைக்கும் போய்விடக் கூடாது. சட்டியைச் சாய்த்தால் பாகு ஓடக் கூடாது, ஆனால் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும். ஒரு சிட்டிகை உப்புப் போட்டு இறக்குங்கள். ஆறும்போது இன்னும் கொஞ்சம் இறுகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இலை மடிப்பு ஒன்றுதான் மிச்சம். பூவன், மொந்தன் இலை நன்றாக வளையும். இலையை நெருப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மெதுவாக நகர்த்தினால் மங்கலாக இருந்த பச்சை பளிச்சென்று எண்ணெய் தடவின மாதிரி மாறிக்கொண்டே வரும். அந்தப் பளபளப்பு கடைசி வரை ஓடியதும் எடுத்துவிடுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். ஒரு சாண் சதுரமாக வெட்டித் துடைத்து, கடலைப் பொட்டலம் மாதிரி கையில் கூம்பாகச் சுற்றுங்கள். கூம்பின் முனையில் முதலில் ஒரு கரண்டிப் பூரணம், அதற்கு மேல் ஒரு எலுமிச்சை அளவை விடக் கொஞ்சம் பெரிதாகச் சோறு. கையில் தேங்காய்ப் பால் தொட்டுக்கொண்டு அழுத்தினால் ஒட்டாது. வாய்ப் பக்கத்து இலையை உள்ளே மடித்துக் கவிழ்த்து வைத்தால் கோபுரம் மாதிரி நிற்கும், பிரிக்கும்போது பூரணம் உச்சியில் இருக்கும். முதல் பத்துப் பொட்டலம் கோணல்மாணலாக வரும், அதற்குள் கை பழகிவிடும். மடித்த பிறகு ஒரு மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும், இலை வாசனை சோற்றில் இறங்கும்.

என் அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. முதல் தடவை பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, சோத்துக்குப் போயி ஊதாக் கலரு போட்டிருக்கறயே" என்றார். வேலியில் பூத்த சங்குப்பூதான் என்று சொன்ன பிறகு, ஒரு வாய் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வட்டலை என் பக்கம் நகர்த்தி, இன்னொன்று வை என்றார். இப்போது சனிக்கிழமைதோறும் முதல் பொட்டலம் அவருக்குத்தான்.

தேங்காய்ப் பால் பண்டம், நாள் தாங்காது. காலையில் செய்தால் மாலைக்குள் தீர்த்துவிடுங்கள், சித்திரை வெயிலில் மதியத்தோடு சரி. குளிர்பெட்டியில் வைத்தால் கெடாது, ஆனால் சோறு விறைத்துப்போகும். இலையோடு அப்படியே இட்லிக் குண்டாவில் ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் மறுபடி இளகிவிடும்.

சோறும் பூரணமும் ஒன்றுக்கொன்று சரியாக முடிவது அபூர்வம். சோறு மீந்தால் வாஜிக் ஆக்கிவிடலாம். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கல்யாண வீடுகளில் வைக்கிற பண்டம். கருப்பட்டிப் பாகைக் கம்பிப் பதத்துக்கு முன்னால் நிறுத்தி, அரை டம்ளர் தேங்காய்ப் பால் விட்டு, மீந்த சோற்றைப் போட்டுச் சுருண்டு வருகிற வரை புரட்டி, தட்டில் தட்டி, ஆறினதும் சாய்சதுரமாகத் துண்டு போடுங்கள். அது மறுநாள் காலை வரைக்கும் மெத்தென்று இருக்கும். பூரணம் மீந்தால் தோசைக்குள் வைத்துச் சுருட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.